அரியரைக் கேட்டீர்களா?

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

என் அக்கா மகன் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டியது. மூன்றாவது செமஸ்டர் நடுவில் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டான். காரணம் கேட்டால் வாயே திறப்பதில்லை. மாமா செல்போன்தான் கெடுத்தது என்கிறார். பணக் கஷ்டமும் இல்லாதபோது பையன்கள் ஏன் இப்படிப் பாதியில் விடுகிறார்கள்?

ஒரு வாசகர், தர்மபுரி

அன்புள்ள நண்பருக்கு,

செல்போன் கிடக்கட்டும். அவனுக்கு எத்தனை அரியர், அதாவது தேறாமல் நிற்கிற பாடம், என்று யாராவது கேட்டீர்களா? இவ்வளவு எழுதிய நீங்கள் அதை மட்டும் எழுதவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

இது ஒரே நாளில் எடுக்கிற முடிவு இல்லை. முதல் செமஸ்டரிலேயே ஆரம்பித்துவிடும். கணக்கில் கெட்டிக்காரன் என்று பள்ளியில் பெயர் வாங்கிய பையன், எம்-1 என்கிற முதல் செமஸ்டர் கணித வகுப்பில் ஆங்கிலத்தில் ஓடுகிற பாடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். லேப் ரெக்கார்டைப் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதிவிடலாம். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் என்ன செய்வது? விடை தெரியும், சொல்ல வராது. ரிசல்ட் வரும்போது மூன்று பேப்பர் போயிருக்கும். வீட்டில் "ஆல் கிளியர்" என்று சொல்லிவிடுவான். அந்தப் பொய்தான் அவனைத் தனியாளாக்குகிறது. அப்புறம் யாரிடமும் உதவி கேட்க முடியாது.

அடுத்த செமஸ்டரில் புதுப் பாடங்களோடு பழையவையும் சேரும். வகுப்பில் எழுப்பி "உனக்கு எத்தனை?" என்று கேட்கிற ஆசிரியர்கள் உண்டு. அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே வகுப்புக்குப் போகாமல் விடுதி அறையில் படுத்துக் கிடப்பார்கள். வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். 65-க்கும் கீழே போனால் தேர்வெழுத முடியாது, ஜூனியர்களோடு உட்கார்ந்து அந்த செமஸ்டரைத் திரும்பப் படிக்கவேண்டும். பலரும் பெட்டி கட்டுவது இந்த இடத்தில்தான். உங்கள் பையன் மூன்றாவது செமஸ்டர் நடுவில் வந்ததைப் பார்த்தால் எனக்கு இந்தச் சந்தேகம்தான் வருகிறது.

2021-லிருந்து இந்த ஒதுக்கீட்டு மாணவர்களின் கட்டணத்தை அரசு ஏற்பது சாதாரண விஷயம் இல்லை. உயர்கல்விச் சேர்க்கை விகிதத்திலும் நாம் நாட்டின் சராசரியைவிட வெகு தூரம் முன்னால் இருக்கிறோம்: 2021-22 கணக்கெடுப்பில் தமிழ்நாடு 47 சதவீதம், இந்தியா 28.4. ஆனால் சேர்த்துவிட்ட பிறகு முதல் ஆறு மாதம் பையன் பக்கத்தில் யார் உட்காருவது? பல கல்லூரிகளில் அதற்கு ஆளே கிடையாது. பள்ளிப் பாடத்துக்கும் கல்லூரிப் பாடத்துக்கும் பாலமாக பிரிட்ஜ் கோர்ஸ் என்று இரண்டு வாரம் நடத்திவிட்டு போட்டோ எடுத்துக்கொள்வதோடு சரி.

இப்போது செய்யவேண்டியது இதுதான். மாமாவை ஒதுக்கிவைத்துவிட்டு நீங்கள் மட்டும் அவனிடம் பேசுங்கள். அரியர் எத்தனை, வருகைப் பதிவு எவ்வளவு, இரண்டையும் கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி நான்காண்டுப் படிப்பை முடிக்க ஏழு வருடம் வரை அவகாசம் உண்டு. இது பல பெற்றோருக்குத் தெரியாது, ஏன், பையன்களுக்கே தெரியாது.

அவனுக்கு மெக்கானிக்கலே பிடிக்கவில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். ஊர்ப் பக்கம் அரசு கலைக் கல்லூரியில் அடுத்த வருடம் சேரட்டும். டிசி (மாற்றுச் சான்றிதழ்) வாங்கப் போகும்போது, மீதி வருடங்களுக்கும் பணம் கட்டினால்தான் சான்றிதழ் என்று சில கல்லூரிகள் மிரட்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே அறிவித்துவிட்டது, தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇ சொல்வதும் அதுதான். அப்படி யாராவது கேட்டால், கேட்பதை எழுத்தில் கொடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள்.