பெரிய பாக்கெட்டாக வாங்கினால் மளிகைச் செலவில் மிச்சமாகுமா?

மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை, எல்லாவற்றையும் பெரிய பாக்கெட்டாக வாங்கினால் மிச்சமாகுமா, துடைக்கிற கழுவுகிற திரவங்களை வீட்டிலேயே செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாகக் குடித்தனம் வைத்திருப்பவர், வீட்டில் இரண்டு மூன்று பேர்தான் என்று நினைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

பெரியது என்பதற்காக மட்டும் எதையும் எடுக்காதீர்கள். கிலோவுக்கு என்ன விழுகிறது, லிட்டருக்கு என்ன விழுகிறது என்று பாருங்கள். பாக்கெட் விலையை எடையால் வகுத்தால் முடிந்தது, அதற்குத்தான் போனில் கால்குலேட்டர் இருக்கிறது. 1998-லேயே ஐரோப்பிய ஒன்றியம் கிலோ, லிட்டர் கணக்கு விலையையும் கடைக்காரர் காட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்துவிட்டது. ஆனால் எங்கே போட்டாலும் அது மூலையில் பொடி எழுத்தில்தான் இருக்கும். குனிந்து படியுங்கள், வெட்கம் வேண்டாம். எண்ணெயில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு பாட்டிலில் லிட்டர் போட்டிருக்கும், பக்கத்து பாட்டிலில் கிராம் இருக்கும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான். இரண்டும் ஒரே விலை என்றால் கிலோ பாட்டிலில்தான் எண்ணெய் அதிகம்.

வெட்கம் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருமுறை நாத்தனாரோடு கடைக்குப் போயிருந்தேன். துணி சோப்புத் தூள் அடுக்கின் முன்னால் நின்று நான் வகுத்துப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ‘குடும்பப் பொதி’ என்று கொட்டை எழுத்தில் போட்ட பெரிய பையைத் தூக்கிவிட்டாள். “அண்ணி, இவ்வளவு கஞ்சத்தனம் வேணாம், எல்லாரும் பாக்குறாங்க” என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் கணக்கை விடவில்லை. அந்தப் பெரிய பையைவிட, அதே தூள் சின்ன பாக்கெட்டில் கிலோவுக்கு மலிவாக இருந்தது. சின்னதையே எடுத்து வந்தேன்.

வீட்டில், துணி மாட்டும் கிளிப்புகளைப் போட்டுவைக்க அதே தூளின் பழைய பாக்கெட்டை வைத்திருந்தேன். புதியதை அதன் பக்கத்தில் நிறுத்தினேன். அதே உயரம், அதே படம், அதே விலை. அடியில் பழையதில் 500 கிராம், புதியதில் 450 கிராம். “விலை ஏறவே இல்லையே அண்ணி” என்றாள். விலைச் சீட்டில் ஏறவில்லைதான். கிலோவுக்குப் பார்த்தால் 11 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. இரண்டையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. நாலு பேர் முன்னால் சொன்னதை ஒருவர் முன்னாலும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

“இதற்கு ஆகும் நேரத்தில் வேறு வேலை பார்த்துச் சம்பாதிக்கலாமே” என்று சிலர் கேட்பார்கள். எல்லாச் சாமானுக்கும் எல்லா மாதமும் கணக்குப் போடச் சொல்லவில்லை. அடிக்கடி தீர்ந்துபோகிற சாமான்களுக்கு ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள், பாக்கெட் மாறும்போது திரும்பப் பாருங்கள். சின்ன பாக்கெட்தான் எப்போதும் மலிவு என்றும் நான் சொல்லவில்லை. பெரும்பாலும் பெரியதுதான் மலிவாக விழும். அதனால்தான் யாரும் சரிபார்ப்பதில்லை.

மலிவாக விழுந்தாலும், கெடுவதற்கு முன் தீர்ப்பீர்களா என்று யோசியுங்கள். குளியல் சோப்பு, காகிதச் சுருள் எல்லாம் கிடந்தால் ஒன்றும் ஆகாது. திறந்த எண்ணெய் காற்றும் வெளிச்சமும் பட்டுக் காறிப்போகும். இரண்டு பேருக்குப் பெரிய கேன் எதற்கு? கெட்டுப்போய்க் கொட்டுவதை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை. 2022-ல் கடை, உணவகம், வீடு எல்லாம் சேர்த்து உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில்தான் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை. உங்கள் வீட்டில் கீரை சீக்கிரம் மஞ்சளாகிறது என்றால் பக்கத்தில் ஆப்பிளோ வாழைப்பழமோ இருக்கிறதா பாருங்கள். அவை விடும் எத்திலீன் வாயு கீரையைப் பழுக்க வைத்துவிடும். தள்ளி வைத்தாலே தாங்கும்.

சோப்புத் தூளையும் அள்ளிக் கொட்டாதீர்கள். பாக்கெட்டில் போட்ட அளவுக்கு மேல் போட்டால் நுரைதான் அதிகமாகும், அழுக்கு அதற்கேற்ப அதிகம் போகாது. அலசத் தண்ணீரும் கூடுதலாகச் செலவாகும், துணியிலும் பிசுபிசுப்பு நிற்கும்.

கேள்விக்கு வெளியே ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. பில் போடுகிற இடத்தில் எதற்கு எல்லாரிடமும் போன் நம்பர் கேட்கிறார்கள்? காசு கொடுத்து சோப்பு வாங்குகிறேன், என் நம்பர் எதற்கு? தரமாட்டேன் என்றால் பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். கொடுத்துவிட்டால் நடுராத்திரி வரைக்கும் தள்ளுபடிச் செய்தி வருகிறது, அதைப் பார்த்துத் தேவையில்லாததை வாங்கவும் தோன்றுகிறது. நான் கொடுப்பதில்லை. நீங்களும் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வீட்டிலேயே செய்யும் திரவம் பற்றி: வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து வைத்துக்கொள்ளச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். பொங்குவதைப் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பெரும்பாலும் தண்ணீர்தான் மிஞ்சும். கெட்டில் அடியில் படிந்த உப்புக்கறைக்கு வினிகர் தனியாகப் போதும், பாத்திரத்தில் ஒட்டிய கரிக்கு சோடாவைத் தனியாகப் போட்டுத் தேய்க்கலாம். பாத்திரம் கழுவும் திரவத்தில் தண்ணீர் கலந்து நாள்கணக்கில் வைக்காதீர்கள், அதிலிருக்கும் கெடாமல் காக்கும் மருந்து நீர்த்துப்போய்க் கிருமி வளரும். பிளீச்சோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.