கள்ளக்காதலா, கடன்பத்திரமா?

கேள்வி: பிரெஞ்சு இலக்கியம், பிரெஞ்சு இலக்கியம் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள். நான் பார்த்தவரை ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, நடுவில் இன்னொருத்தன், அவ்வளவுதான். முந்நூறு வருஷமாக இதே கதைதானா? கள்ளக்காதலை விட்டால் இவர்களுக்கு எழுத வேறு சங்கதியே கிடையாதா? போகட்டும், எதிலிருந்து தொடங்கலாம் என்றாவது சொல்லுங்கள்.

பதில்: இருக்கிறது சார். பணம்.

நீங்கள் மனதில் வைத்திருப்பது ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' என்று நினைக்கிறேன். அதையும் கதைச்சுருக்கமாகத்தான் படித்திருப்பீர்கள் என்று ஒரு சந்தேகம். முழுசாகப் படித்தவர்கள் அந்த ஜவுளி வியாபாரி லெரோவை மறக்கமாட்டார்கள். கிராமத்து டாக்டர் ஷார்லின் மனைவி எம்மாதான் கதாநாயகி. வீட்டு வாசலுக்கே வந்து சால்வையை விரித்துக் காட்டுவான் லெரோ, காசு இப்போது எதற்கு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பான். ஊரைவிட்டு ஓடிப்போகத் திட்டம் போட்டபோது பயண அங்கியும் பெட்டியும் அவனிடம்தான் வாங்குகிறாள், கடனுக்கு. ஓட்டம் நடக்கவில்லை, காதலன் ரொதோல்ஃப் கடிதம் எழுதிக் கைகழுவிவிட்டான், ஆனால் பெட்டிக்கான பில் மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது. கடன்பத்திரம், அதைப் புதுப்பிக்க இன்னொரு பத்திரம், வட்டி, வட்டிக்கு வட்டி. மாமனார் செத்துச் சொத்து வந்ததும், புருஷனிடம் பவர் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்ளலாமே என்று லெரோ காதில் போடுகிறான். அதைப் பற்றிக் கலந்து பேச எம்மா யாரிடம் போகிறாள் தெரியுமா? வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கும் இரண்டாவது காதலன் லெயோனிடம். அனுப்பி வைப்பது ஷார்லேதான், பாவம்.

கடைசியில் கோர்ட் உத்தரவு வருகிறது. 24 மணி நேரத்தில் 8,000 ஃபிராங்க் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஜப்தி. அதன்பிறகு அந்த நாவலில் காதலே கிடையாது, கைமாற்றுக் கேட்டு வாசல் வாசலாக அலையும் ஒரு பெண்தான் இருக்கிறாள். லெயோன் மழுப்புகிறான். பத்திரம் எழுதும் நோட்டரி வேறு எதையோ எதிர்பார்த்துக் கையைப் பிடிக்கிறான். கடைசியாக ரொதோல்ஃபிடம் போய் 3,000 ஃபிராங்க் கேட்கிறாள், அவன் இல்லை என்கிறான். அந்த இடத்தில் ஃப்ளோபேர் செய்வதைக் கவனியுங்கள். அவன் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே கையில் இல்லை, இருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பான் என்று எழுதிவிட்டு, காதல்மேல் வீசும் புயல்களிலேயே ஆகக் குளிர்ந்தது, வேரோடு பிடுங்குவது, பணம் கேட்பதுதான் என்று ஒரு வரி போடுகிறார். அடுத்த சில பக்கங்களில் அவள் ஆர்செனிக் விஷத்தை அள்ளித் தின்கிறாள். அவள் செத்த பிறகும் பில் நிற்பதில்லை. ஊரை ஏமாற்ற, பியானோ கற்றுக்கொள்ளப் போவதாகச் சொல்லித்தான் வாராவாரம் லெயோனைப் பார்க்கப் போய்வந்தாள். ஒரு பாடம்கூட எடுக்காத அந்த பியானோ டீச்சர் ஆறு மாதச் சம்பளத்துக்குக் கணக்கு அனுப்புகிறாள்! எல்லாம் போய் எம்மாவின் சின்ன மகள் பெர்த் கடைசியில் பஞ்சாலைக் கூலியாகிறாள். இதைக் கள்ளக்காதல் கதை என்று சொன்னால், சரி, சொல்லிக்கொள்ளுங்கள்.

1857-இல் ஃப்ளோபேர்மேல் வழக்குப் போட்ட அரசு வக்கீல் பினாரும் உங்களைப் போலத்தான் படித்தார். ஒழுக்கக்கேடு, மதத்துக்கு அவமதிப்பு என்று ஆவேசமாக வாதாடினார், ஃப்ளோபேர் விடுதலையாகிவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே பினார் கவிஞர் போதலேரைப் பிடித்து, ஆறு கவிதைகளுக்குத் தடை வாங்கிய பிறகுதான் ஓய்ந்தார்.

இன்னொன்று. பிரான்ஸில் 1816 முதல் 1884 வரை விவாகரத்தே கிடையாது. நெப்போலியன் காலச் சட்டத்தில் கல்யாணமான பெண் கணவன் அனுமதி இல்லாமல் ஒரு பத்திரத்தில்கூடக் கையெழுத்துப் போட முடியாது. (பவர் பத்திரம் ஏன் வந்தது என்று இப்போது புரிகிறதா? கணவன் சம்மதம் இல்லாமல் ஒரு மனைவி சொந்தமாக பேங்க் கணக்குத் திறக்க 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் பாரிஸ் இருக்கிற நாட்டில்.) சீதனத்தைப் பேசிக் கல்யாணம், வெளியே வர வழி இல்லை. அந்த அறுபத்தெட்டு வருஷத்தில் கல்யாணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவர்கள் வேறு எதை எழுதியிருக்க வேண்டும் என்கிறீர்கள்?

முந்நூறு வருஷம் என்று கணக்குச் சொன்னீர்கள். அந்தக் கணக்கு 1678-இல் மதாம் து லஃபயெத் எழுதிய 'கிளேவ் இளவரசி'யில் தொடங்க வேண்டும். அதில் கள்ளக்காதல் நடக்கவே நடக்காது. மனைவி தானாகப் போய்க் கணவனிடம், என் மனம் வேறொருவர்மேல் போகிறது, என்னை அரண்மனைப் பக்கமே கூப்பிடாதீர்கள் என்கிறாள். கணவன் இறந்த பிறகும் அந்த ஆளைக் கல்யாணம் செய்துகொள்வதில்லை. அரசு வேலைப் பரீட்சையில் இந்தப் புத்தகத்தைப் பற்றிக் கேட்பது அபத்தம் என்று 2006-இல் சர்க்கோசி கிண்டலடித்தார். அவர் ஜனாதிபதியான பிறகு, 2009-இல், போராட்டக்காரர்கள் தெருவில் நின்று மாறிமாறி அந்த நாவலை உரக்க வாசித்தார்கள். ஒரு பழைய நாவலுக்காக மைக் பிடிப்பது எனக்குப் பிடித்திருந்தது, ஒளிப்பானேன்.

பால்சாக்கிடம் வந்தால் பணவாடை இன்னும் தூக்கல். மனிதரே கடன்காரர்களிடமிருந்து தப்பிக்க, பாஸ்ஸி என்ற இடத்தில் வேறு பெயரில் வீடு எடுத்து ஒளிந்திருந்தவர். 'கொரியோ கிழவ'னில் அவர் ஒரு தகப்பனின் வீழ்ச்சியை வாடகைக் கணக்காகவே எழுதுகிறார். சேமியா வியாபாரத்தில் சம்பாதித்த கொரியோ விடுதிக்கு வரும்போது முதல் மாடியில், வருஷத்துக்கு 1,200 ஃபிராங்க் கட்டுகிறார். பிறகு இரண்டாவது மாடி, 900. அதன் பிறகு மூன்றாவது மாடி, மாதம் 45. மூக்குப்பொடி நின்றது, முடிதிருத்த வருபவன் நின்றான், மகள்களுக்குப் போன பணம் மட்டும் நிற்கவில்லை. இரண்டு மகள்களும் பெரிய இடத்து மருமகள்கள். சாவுக்கு வரவில்லை, குலச்சின்னம் போட்ட வண்டிகளை மட்டும் காலியாக அனுப்பிவைக்கிறார்கள். குழிவெட்டியவர்கள் காசு கேட்கிறார்கள், அதே விடுதியில் தங்கிப் படிக்கும் இளைஞன் ராஸ்தின்யாக் பையில் சல்லிக்காசு இல்லை, விடுதி வேலைக்காரனிடம் 20 சூ (ஒரு ஃபிராங்க்தான்) கைமாற்று வாங்குகிறான். பாரிஸுக்குச் சவால் விடும் அந்தப் புகழ்பெற்ற கடைசிக் காட்சியை எல்லோரும் சொல்வார்கள், இந்த 20 சூவை ஏனோ யாரும் சொல்வதில்லை. சவால் விட்டவன் நேராக எங்கே போகிறான்? சாப்பிடப் போகிறான், அதே கிழவரின் மகள் வீட்டுக்கு.

விக்தர் ஹ்யூகோவின் 'லே மிசராப்ல்' நாவலின் நாயகன் ஜான் வல்ஜானுக்குக் காதலியே கிடையாது. ரொட்டி திருடியதற்கு ஐந்து வருஷம், தப்பிக்கப் பார்த்ததற்கு மீதி, ஆக 19 வருஷம் உள்ளே. அந்த நாவல் நம் ஊரில் 'ஏழை படும் பாடு' என்று 1950-இல் படமாக வந்தது, அதில் இன்ஸ்பெக்டர் ழவேராக நடித்த சீதாராமனுக்கு ஜாவர் என்ற பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

காம்யுவின் 'அந்நியன்' என் வாதத்துக்குள் அடங்காது, இழுத்துப் பிடித்து நுழைக்கவும் மாட்டேன். அதன் நாயகன் மெர்சோ பாரிஸ் வேலையையே வேண்டாம் என்கிற ஆள். ஆனால் அதிலும் கோர்ட்டின் கவலை ஒரு அரபு மனிதனை அவன் சுட்டுக் கொன்றதைவிட, இவன் அம்மா சவப்பெட்டி அருகே பால் காபி குடித்தான் என்பதில்தான். செத்தவனுக்கு நாவலில் பெயரே இல்லை. அந்தக் குறையை 2013-இல் அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத் எடுத்து, செத்தவனுக்கு மூசா என்று பெயர் வைத்து, அவன் தம்பி வாயால் ஒரு நாவலே எழுதினார். கொலை செய்தவனின் மனசாட்சியைப் பற்றி எழுபது வருஷம் பேசியவர்களுக்கு அது தேவைதான்.

தொடங்க ஒரு புத்தகம் கேட்டீர்கள். அன்னி எர்னோவின் 'லா ப்ளாஸ்', 1983. ஒல்லிப் புத்தகம், ஒரு சாயங்காலம் போதும். நார்மண்டியில் இவ்தோ என்ற சின்ன ஊரில் மளிகைக்கடையும் காபிக்கடையும் வைத்திருந்த அப்பாவைப் பற்றியது. (எம்மாவின் கல்யாண கேக்கைச் செய்ய ஆள் வந்ததும் இவ்தோவிலிருந்துதான்.) இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோடு தவறிப்போய் முதல் வகுப்பில் ஏறிவிட்ட அப்பாவிடம் பரிசோதகர் வித்தியாசத் தொகையை வசூலிக்கிறார். அவ்வளவுதான் சம்பவம், அலங்காரமே இல்லாமல் எழுதியிருக்கிறார், அந்த மனிதரின் கூச்சம் முழுவதும் அதில் இருக்கிறது. இதே எர்னோ கல்யாணமான ஒருவரோடு இருந்த உறவைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அது வேறு புத்தகம், அதையும் படியுங்கள், உங்கள் கட்சிக்கு ஒரு சாட்சி கிடைக்கும்.