ஆபீஸ் முடிந்து வந்தும் முத்திரை குத்த வேண்டுமா?

கேள்வி: நாள் முழுக்க ஆபீசில் ஃபைல் பார்க்கிறவன் நான். நண்பர் சொன்னாரே என்று 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' வாங்கினேன். எல்லைச் சாவடியில் உட்கார்ந்து பாஸ்போர்ட் பார்ப்பதுதான் மொத்த கேமும்! அதில் இரண்டு நாள் ஓட்டிவிட்டு மூடிவிட்டேன். இதையா இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? தொடரவா, விடவா?

பதில்: விடாதீர்கள். 2013-இல் இது வந்தபோது நானும் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. மங்கலான நிறம், கட்டம் கட்டமான முகங்கள், கற்பனை நாடான ஆர்ஸ்டாட்ஸ்காவில் 1982 நவம்பர், குலுக்கலில் விழுந்த ஒரு அரசு வேலை, அவ்வளவுதான். லூகஸ் போப் என்கிற ஒரே ஆள் உருவாக்கியது. அது மறுவருடம் பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியபோது எனக்கு ஆச்சரியமே இல்லை, ஏனென்றால் அதற்குள் முழுசாக ஆடி முடித்திருந்தேன்.

நீங்கள் நிறுத்தியது, கேம் இன்னும் வாயே திறக்காத இடத்தில். முதல் நாள் உள்நாட்டுக்காரரை விடு, மற்றவரைத் திருப்பி அனுப்பு என்ற ஒரே விதிதான். அப்புறம் அனுமதிச் சீட்டு, வேலைப் பத்திரம், அடையாள அட்டை என்று சேர்ந்துகொண்டே போய், அந்தச் சின்ன மேஜையில் காகிதம் விரிக்க இடம் இருக்காது. சரியாகப் பார்த்து அனுப்பும் ஒவ்வொரு ஆளுக்கும் 5 கிரெடிட். சாயங்காலம் அந்தக் காசில்தான் வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு. மனைவி, மகன், மாமியார், மாமா எல்லோரும் உங்களை நம்பித்தான் இருக்கிறார்கள். காசு போதாத ஒரு ராத்திரி, சாப்பாடா கணப்பா என்று யோசித்தபடி அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவிருக்கிறது.

ஒரே ஒரு காட்சியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் நாள் ஒருவர் வருவார், பத்திரமெல்லாம் சரியாக இருக்கும். அடுத்து வருவது என் மனைவி, அவளிடம் கொஞ்சம் இரக்கமாக இருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். அந்தப் பெண்ணிடம் அனுமதிச் சீட்டு இருக்காது, திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்பாள். விட்டால் பக்கத்து இயந்திரம் கடகடவென்று குற்றச்சீட்டு அடித்துத் தள்ளும். ஒரு நாளில் முதல் இரண்டு தப்புக்கு எச்சரிக்கைதான், மூன்றாவதிலிருந்து சம்பளத்தில் பிடிப்பார்கள். அன்றைக்கு நான் ஏற்கெனவே இரண்டு தப்பு செய்திருந்தேன். அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், எத்தனை கிரெடிட் போகும் என்று மனசு கணக்குப் போட்டது. வில்லன் யாரும் என்னை மிரட்டவில்லை, வரிசையும் கடிகாரமும் வாடகையுமே போதுமானதாக இருந்தது. கொடுங்கோல் ஆட்சியில் சாதாரண குமாஸ்தா எப்படிக் கல்லாகிறான் என்பதை என் கையாலேயே செய்து தெரிந்துகொண்டேன். வேலை சலிப்பாக இருப்பதும் இதற்காகத்தான், சலிப்பு இல்லாவிட்டால் அந்தக் கல்மனசு வராது.

ஆபீசிலிருந்து வந்த கையோடு உட்காராதீர்கள், விடுமுறை நாளில் ஆடுங்கள், ஒரு தடவைக்கு கேமின் கணக்கில் மூன்று நான்கு நாள் போதும். மொத்தம் 31 நாள், 20 முடிவுகள். பழைய நாளுக்குத் திரும்பிப் போய் மாற்றி ஆட வசதி உண்டு, ஆனால் முதல் தடவை அதைத் தொடவே வேண்டாம். எந்த முடிவு எப்படி வரும் என்று தேடிப் படிக்கவும் வேண்டாம். கடனில் மாட்டிக் கைதானாலும் சரி, அதுவும் ஒரு முடிவுதான்.

ஐந்தாம் நாள் அந்தப் பெண்ணை என்ன செய்தீர்கள் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.