ஃபைப்ராய்டு புற்றுநோயாக மாறிவிடுமா?

எனக்கு 46 வயது. கர்ப்பப்பையில் 5 சென்டிமீட்டர் ஃபைப்ராய்டு கட்டி, சினைப்பைகள் இயல்பு என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. விட்டுவைத்தால் கேன்சராகிவிடும், கர்ப்பப்பையையே எடுத்துவிடு என்கிறார் அண்ணி. இணையத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. சினைப்பைப் புற்றுநோய்க்காகப் பார்க்கும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையை நானாகவே எடுத்தேன், அதில் அளவு சற்றுக் கூடுதல். முதுகுவலி, முடி கொட்டுதலும் உண்டு. நான்கு மாதங்களாக மாதவிடாய்க்கு இடையிலும் லேசாக ரத்தம் படுகிறது. கடையில் ஹார்மோன் மாத்திரை வாங்கிப் போட்டால் நின்றுவிடுகிறது. ஆபரேஷன் செய்துகொள்ளட்டுமா?
- ஒரு வாசகி

மாறாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 50 வயதை நெருங்கும் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தக் கட்டி இருக்கும். பலருக்கு இருப்பதே தெரியாது. இணையம் பயமுறுத்துவது சார்கோமா என்ற தசைப் புற்றுநோயைக் காட்டி. அது மிக அரிது. அதுவும் பெரும்பாலும் தனியாகத் தோன்றுவது, ஃபைப்ராய்டு முற்றிப்போய் வருவதல்ல. சிஏ-125 ஃபைப்ராய்டு இருந்தாலும் கூடும், மாதவிடாய் நாளில் ரத்தம் கொடுத்தாலும் கூடும். யாரும் கேட்காத டெஸ்ட்டை எடுத்துவிட்டு ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்? முடி கொட்டுவதற்குக் கட்டி காரணமல்ல. ரத்தசோகை இருக்கிறதா என்று ஹீமோகுளோபின் பாருங்கள், போதும்.

கடைசியில் போகிறபோக்கில் எழுதினீர்களே, இடையில் ரத்தம் படுகிறது என்று, எனக்குக் கவலை அதில்தான். 45 வயதைத் தாண்டியவருக்கு இப்படிப் பட்டால், 'கட்டி இருக்கிறதே, அதனால்தான்' என்று விட்டுவிடக் கூடாது. கர்ப்பப்பையின் உள்வரிச் சவ்வில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் முதலில் காட்டும் அறிகுறியே முறைதவறிய ரத்தப்போக்குதான். அது இருக்கிறதா என்று பார்க்க, மெல்லிய குழாயைக் கர்ப்பப்பைக்குள் விட்டு அந்தச் சவ்விலிருந்து துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்புவார்கள். சில நிமிட வேலை. மாதவிடாய் வலி போல அடிவயிறு இழுத்துப் பிடிக்கும், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். கர்ப்பப்பை வாயையும் அப்போதே பார்த்துவிடுவார்கள்.

நீங்களோ மாத்திரை போட்டு அந்த அறிகுறியையே அமுக்கி வைத்திருக்கிறீர்கள்! போதாததற்கு, இஷ்டத்துக்குப் போட்டு நிறுத்தினால் அந்த மாத்திரையே ரத்தத்தை வரவழைக்கும். இனி எது எதனால் என்று நாங்கள் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஆபரேஷனை பயாப்ஸி முடிவு வந்தபிறகு பேசலாம். உள்ளே புற்றுநோய் இருந்தால் அறுவை சிகிச்சையின் முறையே வேறு. தெரியாமல் கட்டியைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தால் புற்றுநோய் வயிற்றுக்குள் பரவவும் கூடும். முடிவு சரியாக இருந்தால், மருந்துக்கும் அடங்காத ரத்தப்போக்கோ, சிறுநீர்ப் பாதையை அழுத்தும் தொந்தரவோ இருந்தாலொழிய கத்தி தேவையில்லை. மாதவிடாய் முற்றிலும் நின்றபின் கட்டி பெரும்பாலும் தானாகச் சுருங்கும். அப்போது சுருங்காமல் வளர்ந்தாலோ, ஒரு சொட்டு ரத்தம் பட்டாலோ உடனே காட்டுங்கள்.

இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அந்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். என்ன மருந்து, எத்தனை நாள் போட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்.