குளோரோகுயின்: பழைய மாத்திரை, ஓயாத கேள்விகள்

குளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைப் பற்றிய கேள்விகளுக்கு, மலேரியா நோயாளிகளைப் பல ஆண்டுகள் பார்த்த மருத்துவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். இங்கே வரும் மருந்தளவுகள் பொதுத் தகவல் மட்டுமே. உங்களுக்கான அளவை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: டாக்டர், முன்பெல்லாம் முறைக்காய்ச்சல் என்றாலே குளோரோகுயின்தான். இப்போது ஏன் கொடுப்பதில்லை?

பதில்: இன்றும் கொடுக்கிறார்கள். எந்த ஒட்டுண்ணி என்பதைப் பொறுத்தது அது. உயிருக்கு உலை வைக்கும் பால்சிபாரம் வகைக்கு இந்த மருந்து பெரும்பாலான பகுதிகளில் பலிப்பதில்லை. ஆர்ட்டிமிசினின் என்ற மருந்தோடு வேறொன்றைச் சேர்த்த கூட்டு மருந்துதான் தரப்படுகிறது. வைவாக்ஸ் வகைக்குப் பல நாடுகளில் இன்னும் குளோரோகுயின்தான் முதல் மருந்து: உடல் எடையில் கிலோவுக்கு மொத்தம் 25 மில்லிகிராம், மூன்று நாள்களில். ஆகவே, ‘மலேரியா இருக்கிறது’ என்று மட்டும் சொல்லும் ரத்தப் பரிசோதனை போதாது. எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நான் மருந்தியல் மாணவி. ஒட்டுண்ணி இந்த மருந்தை எப்படி ஏமாற்றுகிறது, ஐயா?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, அம்மா. ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்த ஒட்டுண்ணிக்கு ஹீமோகுளோபின்தான் உணவு. அதை அமிலம் நிறைந்த ஒரு செரிமானப் பையில் வைத்துச் சிதைக்கிறது. அப்போது வெளிப்படும் ‘ஹீம்’ அதற்கே நஞ்சு. அதனால் ஹீமைப் படிகமாக உறையவைத்துத் தீங்கற்றதாக்கிக்கொள்கிறது. குளோரோகுயின் வலுக்குறைந்த காரம். அமிலப் பைக்குள் நுழைந்ததும் நேர்மின்னூட்டம் ஏறி, வெளியேற வழியின்றிச் சேர்ந்துகொண்டே போகிறது. அங்கே ஹீம் படிகமாவதைத் தடுக்கிறது. தன் உணவின் கழிவாலேயே ஒட்டுண்ணி சாகிறது.

அந்தப் பையின் சவ்வில் பிஎஃப்சிஆர்டி என்றொரு கடத்திப் புரதம் உண்டு. அதன் 76ஆம் இடத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் மாறி, திரியோனின் என்ற வேறொரு அமினோ அமிலம் வந்து அமர்ந்ததுதான் திருப்புமுனை. லைசினுக்கு நேர்மின்னூட்டம் உண்டு, திரியோனினுக்கு இல்லை. அதுவரை வெளியேற முடியாத மருந்துக்கு வாசல் திறந்துவிடுகிறது. வேறு சில மாற்றங்களும் கூடவே தேவை என்றாலும், இதுதான் அடையாளச் சின்னம். இந்தப் புரதத்துக்கான மரபணுவைக் கண்டுபிடித்தது 2000ஆம் ஆண்டில். அதற்குள் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் மருந்து பலிக்காமல் போயிருந்தது.

கேள்வி: மருந்துக்கு எதிரான ஒட்டுண்ணியின் இந்த எதிர்ப்பாற்றல் எங்கே தொடங்கியது? யாருடைய தவறு?

பதில்: 1934இல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஆண்டர்சாக் உருவாக்கிய மருந்து இது. நச்சுத்தன்மை அதிகம் என்று முதலில் ஒதுக்கி வைத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவலானது. 1950களின் இறுதியிலேயே தாய்லாந்து-கம்போடியா எல்லையிலும் கொலம்பியாவிலும் எதிர்ப்புத் தலைகாட்டியது. 1970களின் இறுதியில் கிழக்கு ஆப்பிரிக்காவை எட்டி, அடுத்த பத்தாண்டுகளில் அந்தக் கண்டத்தின் குறுக்கே பரவியது. ஆப்பிரிக்காவுக்குப் போனது ஆசியாவில் பிறந்த வம்சம்தான். அதற்கு விலை கொடுத்தவர்கள் ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தைகள். இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

தவறு என்றால், பிரேசிலில் மாரியோ பினோட்டி என்ற பொது சுகாதார மருத்துவர் 1950களில் சமையல் உப்பிலேயே குளோரோகுயினைக் கலந்து மக்களுக்குக் கொடுத்தார். கம்போடியா உட்பட வேறு இடங்களிலும் அது பின்பற்றப்பட்டது. நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் உப்பை எல்லாரும் ஒரே அளவில் உண்பதில்லை. பலரது ரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கொல்லப் போதாத, அதே சமயம் மாறியவற்றை மட்டும் பிழைக்க விடுகிற அளவில் மருந்து நின்றது. எதிர்ப்பு வளர்ந்ததில் அதற்குப் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: முதல் நாளிலேயே காய்ச்சல் விட்டுவிட்டது. மிச்ச மாத்திரைகளை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. காய்ச்சல் விட்டாலும் ஒட்டுண்ணி மிச்சமிருக்கும். இன்னொன்று: ஒன்றிரண்டு குளோரோகுயின் மாத்திரைகளே ஒரு சிறு குழந்தையின் உயிரைப் பறித்துவிடக்கூடும். வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

கேள்வி: மூன்று நாளும் தவறாமல் சாப்பிட்டேன். இரண்டு மாதம் கழித்து வைவாக்ஸ் மீண்டும் வந்துவிட்டது. எதிர்ப்பாற்றல்தானே?

பதில்: பெரும்பாலும் இல்லை. வைவாக்ஸ் கல்லீரலில் உறங்குநிலையில் ஒளிந்திருக்கும். குளோரோகுயின் அதைத் தொடாது. அதை வேரோடு களைய பிரைமாகுயின் வேண்டும், பல நாடுகளில் 14 நாள்கள். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த மருந்தால் சிவப்பணுக்கள் சிதையும் என்பதால் முதலில் அந்தப் பரிசோதனை அவசியம். கர்ப்பிணிகளுக்குப் பிரைமாகுயின் கொடுப்பதில்லை. மருந்து முடிந்த சில வாரங்களுக்குள் திரும்பினால் எதிர்ப்பைச் சந்தேகிக்கலாம். வைவாக்ஸிலும் அது உண்டு: 1989இல் பாப்புவா நியூ கினியிலிருந்து முதலில் அறிவிக்கப்பட்டது.

கேள்வி: லூபஸ் நோய்க்காக நான்கு ஆண்டுகளாக ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுக்கிறேன். கண் போய்விடும், நிறுத்திவிடு என்கிறார்கள் உறவினர்கள். பயமாக இருக்கிறது, டாக்டர்.

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். இது குளோரோகுயினின் நெருங்கிய உறவு, அதைவிடப் பாதுகாப்பானது. லூபஸ், அதாவது உடலின் நோயெதிர்ப்பு தன் உடலையே தாக்கும் நோய், மீண்டும் மீண்டும் சீறுவதைக் குறைக்கும் மருந்து. கர்ப்ப காலத்திலும் பொதுவாகத் தொடரச் சொல்கிறோம். நிறுத்தினால் நோய் மூண்டு சிறுநீரகம்வரை போகலாம். விழித்திரை பாதிப்பு உண்மைதான், வந்தால் மீளாது. ஆனால் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மிகாமல் எடுப்பவர்களில், பத்து ஆண்டுகள்வரை அது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. இருபது ஆண்டுகள் தாண்டும்போதுதான் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எட்டுகிறது. முதல் ஆண்டிலேயே ஒரு கண் பரிசோதனை, ஐந்தாண்டு முடிந்தபின் ஆண்டுதோறும் காட்சிப்புலச் சோதனையும் ஓசிடி எனப்படும் விழித்திரை அடுக்குகளின் படமும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ மார்பகப் புற்றுநோய் மருந்தான தமொக்சிஃபென் எடுத்தாலோ முன்கூட்டியே தொடங்க வேண்டும். உங்கள் எடையையும் மாத்திரை அளவையும் அடுத்த சந்திப்பில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கொரோனாவுக்கு இது கேட்டதா, இல்லையா?

பதில்: இல்லை. 2020இல் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, மருத்துவமனை நோயாளிகளின் இறப்பை ஹைட்ராக்சிகுளோரோகுயின் குறைக்கவில்லை என்று காட்டியது. அந்தப் பரபரப்பில், உண்மையாகவே தேவைப்பட்ட லூபஸ் நோயாளிகள் மாத்திரை கிடைக்காமல் அலைந்தார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேள்வி: மருந்தைச் சில ஆண்டுகள் ஒதுக்கி வைத்தால் திறன் திரும்புமா?

பதில்: திரும்பியிருக்கிறது! ஆப்பிரிக்க நாடான மலாவி 1993இல் குளோரோகுயினை நிறுத்தியது. முன்பு சொன்ன 76ஆம் இடத்து மாற்றம் கொண்ட ஒட்டுண்ணிகள் 1992இல் 85 விழுக்காடு, 2000இல் 13. மருந்து இல்லாத இடத்தில் அந்த மாற்றம் ஒட்டுண்ணிக்குச் சுமை. பழைய வகை அதை முந்திவிட்டது. பிறகு நடந்த சோதனையில் குளோரோகுயின் 99 விழுக்காடு பலித்தது.

அதற்காக மறுபடி அதைத் தனியாகக் கொடுக்கத் தொடங்கினால், மாறிய வகை மீண்டும் தலைதூக்கும். ஆர்ட்டிமிசினினைத் தனியாகக் கொடுப்பதை நிறுத்துமாறு உலக சுகாதார நிறுவனம் 2006இல் கேட்டுக்கொண்டதும் இந்த அச்சத்தால்தான். அதையும் மீறி ஆர்ட்டிமிசினினுக்குப் பகுதி எதிர்ப்பு மேற்குக் கம்போடியாவில் தெரிந்தது. இப்போது ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் காணப்படுகிறது.