ஒரே இன்ஜின், இரண்டு காற்றாடி

கேள்வி: டேனரி (தோல் பதனிடும் ஆலை) கழிவுக் குழம்பை இறைக்கும் மோனோ பம்பைக் கண்டுபிடித்தவர் விமானம் செய்தவராமே? நிஜமா, கிண்டலா? (வாசகர், வாணியம்பாடி)

பதில்: நிஜம்தான். ரெனே முவானோ என்ற பிரெஞ்சுக்காரர். அவர் பெயர்தான் மருவி 'மோனோ' ஆகிவிட்டது. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் ஃபிட்டராக இருந்தேன். அந்தப் பம்பைக் கழற்றி மாட்டியே என் கை காய்த்தது. அதனால் அவர் விமானத்தையும் ஃபிட்டர் கண்ணால்தான் பார்க்கிறேன்.

முதல் உலகப் போரில் எதிரி எல்லைக்குள் வெகுதூரம் போய் வேவு பார்த்து வர பிரெஞ்சு ராணுவத்துக்கு மூன்று பேர் ஏறும் விமானம் தேவைப்பட்டது. 1916-இல் முவானோவும் சால்ம்சன் கம்பெனியும் செய்த மாதிரிதான் 'சால்ம்சன்-முவானோ'. ஒன்பது சிலிண்டர், 240 குதிரைத்திறன், தண்ணீரில் குளிரும் இன்ஜின். அதை மூக்கில் வைக்காமல் விமானத்தின் வயிற்றுக்குள் குறுக்காக வைத்தார்கள். அங்கிருந்து இரண்டு பக்கமும் ஷாஃப்ட் போய், இறக்கைகளுக்கு நடுவே பெவல் கியர் (சுழற்சியின் திசையைத் திருப்பும் பல்சக்கரம்) வழியாக ஆளுக்கொரு காற்றாடியைச் சுற்றும். அரவை மில்லில் ஒரே மோட்டாரில் இரண்டு கல் ஓட்டுவோமே, அந்தக் கணக்கு. இன்ஜின் உள்ளே போனதால் காற்றுத் தடை குறையும்; மூக்கில் உட்காரும் துப்பாக்கிக்காரருக்கு முன்னால் எதுவும் மறைக்காது. பின்னால் இன்னொரு துப்பாக்கிக்காரர்.

யோசனை அழகு. ஆனால் போர்க்களச் சேற்றில் அந்தக் கியரைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்கை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. காற்றாடி இரண்டு இருந்தும், இன்ஜின் நின்றால் இரண்டும் நிற்கும்! பராமரிப்பு பெரிய தலைவலி. குப்புறக் கவிழாமல் இருக்க மூக்கடியில் வைத்த சக்கரமும் தொல்லை கொடுத்தது. அப்புறம் சால்ம்சன் கம்பெனி இன்ஜினை மூக்கிலேயே வைத்துச் செய்த 'சால்ம்சன் 2' விமானம் மூவாயிரத்துக்கு மேல் தயாரானது.

முவானோ பம்புக்கு வந்தது 1930 வாக்கில். உள்ளே சுழலும் முறுக்கிய இரும்பு ரோட்டர் ஒன்று, அதைச் சுற்றி அசையாத ரப்பர் உறையான ஸ்டேட்டர். கெட்டிக் குழம்பையும் அலுங்காமல் தள்ளும்.

ஒன்று மட்டும், அதைக் காய ஓட விடாதீர்கள். ஒரு ராத்திரி ஷிஃப்டில் தொட்டி வற்றியதைக் கவனிக்காமல் நான் கண்ணயர்ந்துவிட்டேன். கருகிய ரப்பர் வாடை, தோல் ஊறும் வாடையையே அமுக்கிவிட்டது.