ஒரே ஆளுக்கு இரண்டு கூலியா?

கே: மேடம், குடியாத்தத்திலிருந்து தினமும் காட்பாடிக்குப் பஸ்ஸில் போய் ஜாவா புரோகிராமிங் படிக்கிறேன். ‘தொழிலாளி’ என்ற கிளாஸில் கூலி = 500 என்று வைத்தேன். அதை எக்ஸ்டெண்ட் செய்த ‘பீஸ்ரேட்’ கிளாஸில் மறுபடியும் கூலி = 650 என்று எழுதி, கூலியைத் திருப்பித் தரும் கூலிசொல் மெத்தடையும் ஓவர்ரைடு செய்தேன் (அதே பெயரில் பிள்ளை கிளாஸில் மாற்றி எழுதினேன்). தொழிலாளி வகை வேரியபிளில் பீஸ்ரேட் ஆப்ஜெக்டைப் போட்டால், ஆள்.கூலிசொல்() 650 தருகிறது, ஆள்.கூலி 500 தருகிறது. ஏன்?
- ஒரு வாசகர், குடியாத்தம்

ப: கிளாஸ் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறீர்களே தம்பி, மனசு நிறைந்தது. ஜாவா அதை ஏற்கும் என்பது பல பேருக்குத் தெரியாது.

அந்த ஆப்ஜெக்டுக்குள் உண்மையிலேயே இரண்டு கூலி இருக்கிறது. நீங்கள் அப்பா கிளாஸான தொழிலாளியின் கூலியை மாற்றவில்லை. அதே பெயரில் இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டீர்கள். கூலி மாதிரி கிளாஸுக்குள் மதிப்பை வைத்திருப்பதுதான் ஃபீல்டு. எந்த ஃபீல்டை எடுப்பது என்று, புரோகிராம் ஓடுவதற்கு முன் அதை மொழிமாற்றும் கம்பைலரே முடிவு செய்துவிடும். அது பார்ப்பது வேரியபிளின் வகையை. மெத்தட் அப்படியில்லை. புரோகிராம் ஓடும்போது, கையில் இருக்கும் ஆப்ஜெக்ட் எது என்று பார்த்து அதன் மெத்தட் கூப்பிடப்படும். இப்படி ஆப்ஜெக்டுக்கு ஏற்ப மாறுவதைத்தான் பாலிமார்ஃபிசம் என்கிறோம்; அது மெத்தடுக்குத்தான், ஃபீல்டுக்கு இல்லை.

பீஸ்ரேட்டில் இருக்கும் கூலிசொல்லை மட்டும் அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது அதுவும் 500 தரும். அப்பா கிளாஸில் எழுதிய மெத்தடுக்கு அப்பாவின் ஃபீல்டுதான் தெரியும். ஆகவே கூலியை ஒரே இடத்தில், அப்பா கிளாஸில் பிரைவேட்டாக வையுங்கள்; ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஓடும் அப்பாவின் கன்ஸ்ட்ரக்டருக்கு, பீஸ்ரேட்டிலிருந்து சூப்பர்(650) என்று அனுப்புங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆம்பூரில் ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் சின்ன யூனிட் ஒன்றுக்குக் கூலிக்கணக்கு எழுதிக் கொடுத்தேன். அப்பா கிளாஸில் கணக்கிடு(இன்ட் ஜோடி); பிள்ளை கிளாஸில் கவனக்குறைவாகக் கணக்கிடு(லாங் ஜோடி) என்று எழுதிவிட்டேன். அது ஓவர்ரைடு அல்ல, ஓவர்லோடு; அதாவது பெயர் ஒன்று, வாங்கும் வகை வேறு என்பதால் இரண்டும் தனித்தனி மெத்தட். கம்பைலர் வாயே திறக்கவில்லை. ஓடியது அப்பாவின் மெத்தட்; அது ஜோடியைப் பார்க்காமல் ஒரே கூலியைத் தருவது. சனிக்கிழமை சம்பளத்தில், நாற்பது ஜோடி தைத்த பெண்ணுக்கும் இருபது தைத்தவருக்கும் ஒரே தொகை வந்தது. அவர்கள் வரிசையில் நிற்க, நானும் மேஸ்திரியும் நோட்டைப் பார்த்துக் கையால் கணக்குப் போட்டோம். 2004-இல் ஜாவா 5-உடன் வந்த @ஓவர்ரைடு குறியை மேலே போட்டிருந்தால் கம்பைலர் அங்கேயே நிறுத்தியிருக்கும். உங்கள் கூலிசொல்லுக்கு மேலே அதை இன்றே எழுதிவிடுங்கள்.